கரைக் கம்பு

பிப்ரவரி 8, சனி

இன்று எழுந்ததும் முதல் வேலையாக டீக்குத் தண்ணீர் வைத்தேன், ஒரு டம்ளர். அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் நினைவு வந்து இன்னொரு டம்ளர் ஊற்றினேன். இவர் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. கைக்கு இன்னும் பழகவில்லை.

புது நோட்டு என்பதால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். இவர் என்றால் கஸ்பார், என் வீட்டுக்காரர். சரக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அதில் சேர்ந்தாற்போல நான்கு மாதம் இவர் வீட்டில் இருந்ததாக நினைவில்லை. வருவார், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போவோம், எங்காவது ஒரு திருவிழா, எங்காவது ஒரு கல்யாணம், பிறகு கிளம்பிவிடுவார். மகள் ஷெரின் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். நான் எம்.எஸ்ஸி. கணக்கு. சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மற்ற நேரம் முழுக்க வீடும் நானும்தான்.

இந்தத் தடவை வந்த அன்றைக்கே, "இனிமே போகல ரெஜி. போதும்" என்றார். நான் சரி என்றேன்.

வியாழக்கிழமை பம்பாய் ஏஜெண்டிடமிருந்து போன். ஒரு கப்பலில் அனுபவமுள்ள ஆள் அவசரமாக வேண்டுமாம். மார்ச்சில் ஏற வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டுமாம். போனை வைத்துவிட்டு, "நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன். மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். இவர் போனாலும் சரி, இருந்தாலும் சரி, எனக்கு ஒன்றுமில்லை.

இன்று மத்தியானம் பரணிலிருந்து ஒரு வலையை இறக்கினார். இவரும் இவர் அண்ணனும் கல்யாணத்துக்கு முன் இழுத்த வலையாம். அண்ணன் இப்போது தூத்துக்குடியில் குடியிருக்கிறார். நெருக்கமான கண்ணி, அடியில் ஈயக்குண்டு, இரண்டு ஓரத்திலும் ஆளுயரக் கம்பு. எலி கடித்த இடங்களை உட்கார்ந்து தைத்தார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு ஆத்துவாய்க்குப் போவோமா?"

"நானா?"

"ரெண்டு கம்பு இருக்குல்லா. ஒத்த ஆளு எப்படி இழுக்க?"


பிப்ரவரி 9, ஞாயிறு

ஆற்றுவாய் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். இத்தனை வருடத்தில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன், காலை நனைத்திருக்கிறேன். முழங்காலளவு இறங்கியது இன்றுதான்.

ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு மணல்திட்டு நாக்கு நீட்டியதுபோல் கிடக்கிறது. கடல் ஏறும் நேரத்தில் பொடிமீன் கூட்டம் அந்தத் திட்டை ஒட்டி, அலை உடைகிற இடத்திலேயே, ஆற்றுக்குள் நுழையப் பார்க்கும். நெத்திலி, காரல், கெழங்கான், மடவைக் குஞ்சு. இரண்டு பேர் வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு கரையோடு நடக்க வேண்டும். ஒருவர் இடுப்புத் தண்ணீரில், அது கடல் கம்பு. ஒருவர் முழங்கால் தண்ணீரில், அது கரைக் கம்பு. கொஞ்ச தூரம் போனதும் கடல் கம்பு வளைந்து கரைக்கு வரும். அதுவரை கரைக் கம்பு அசையாமல் நிற்க வேண்டும். கம்பின் அடி மணலை விட்டுத் தூக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்ததும் ஒரே ஓட்டமாக மேலே இழுக்க வேண்டும். அவ்வளவுதான். சொல்லிக் கேட்கும்போது பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் இவர். "எது வந்தாலும் கம்ப விட்ராத."

முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு பாசிக் கொத்து. மூன்றாவதில் யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு. இவர் கடலுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தார். "நில்லு! நட! நில்லுன்னுல்லா சொல்லுதேன்!" என்ஜின் ரூமில் இருபது வருடம் கத்திப் பழகின தொண்டை. எனக்கோ நிற்கவே வரவில்லை. அவர் வளையத் தொடங்கியதும் என் கால் தானாகக் கரையேறிவிடுகிறது. நான் ஏறியதும் வலையின் அடி தூக்கிக்கொள்கிறது. கீழே போதுமான வாசல் கிடைத்த மீன்கள் நிதானமாக வெளியே போகின்றன. என் கண் முன்னாலேயே போனது ஒரு கூட்டம்.

பக்கத்து வீட்டு சலேத்தும் அவள் புருஷன் தொம்மையும் அதே திட்டில் தங்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு சட்டி மீன்.

"எக்கா, வலையக் குளிப்பாட்டவா கூட்டிட்டு வந்தீய?" என்றாள் சலேத்.

"ஆமா, பரண்ல அழுக்கா கெடந்துச்சு" என்றேன்.

திரும்பி வரும் வழியில் அவளே ஒரு கை மீனை என் வாளியில் போட்டாள். இவர் வேண்டாம் என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.


பிப்ரவரி 10, திங்கள்

எனக்கு இத்தனை எலும்பு இருக்கிறதென்று இன்றுதான் தெரிந்தது.


பிப்ரவரி 12, புதன்

அடுக்களையில் உளுந்தைத் தேடி அரை மணி நேரம் போனது. இவர் டப்பாக்களை எல்லாம் மாற்றி அடுக்கிவிட்டார், உயரவாரியாக. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி இங்கிலீஷில் பெயர் எழுதியிருக்கிறார். கப்பல் ஸ்டோர் ரூமில் அப்படித்தானாம். கடுகு டப்பாவில் 'மஸ்டர்ட்', வெந்தயத்துக்குப் பெயர் தெரியாமல் 'யெல்லோ ஸ்மால்'.

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் இவரிடம் கோபப்பட்டு எனக்குப் பழக்கமில்லை. லீவில் வருகிறவர் ஒரு வகையில் விருந்தாளி. நாள் குறைவு என்பதால் சண்டையை எல்லாம் ஒத்திப் போட்டுவிடுவோம். ஒத்திப் போட்ட சண்டைகள் கப்பலேறிப் போய்விடும். இப்போது இவர் விருந்தாளியா, வீட்டுக்காரரா என்று தெரியாமல் நாங்கள் இருவருமே ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறோம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்க்கிறார். குளிக்கப் போகுமுன், "நீ போறியா?" என்று கேட்கிறார். ஒரே பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பேர் மாதிரி.

டியூஷன் நேரத்தில் இவருக்கு இடமில்லை. முன் அறை முழுக்கப் பிள்ளைகள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார். இன்று வகைக்கெழு நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்தேன். தென்னை மரத்தை ஏதோ கேஜ் மீட்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

உளுந்து கிடைத்தது. 'பிளாக் கிராம்'. அந்த டேப்பைத் தப்பாகப் பாசிப்பயற்று டப்பாவில் ஒட்டியிருந்தார்.


பிப்ரவரி 15, சனி

சேலையோடு இழுத்தால் கால் பின்னுகிறது, சுடிதாரில் துப்பட்டா கடலுக்குப் போகிறது. இவர் தன் பழைய பாய்லர் சூட்டை எடுத்துக் கொடுத்தார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஆரஞ்சு நிறம், நெஞ்சில் கப்பல் கம்பெனியின் பேர். கையையும் காலையும் மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். தெருவில் இறங்கும்போது எனக்கே சிரிப்பு.

சலேத் வலையைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏ தொம்மை, இங்க பாரேன்! எக்கா கப்பல் வேலைக்குச் சேந்துட்டாவ!"

"சம்பளம் எவ்வளவு மைனி?" என்றான் தொம்மை.

"சாப்பாடு மட்டுந்தான்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். இவர் பகடி பேசுவார் என்று எனக்குத் தெரியும், போனில் பேசுவார். நேரில், அதுவும் நாலு பேருக்கு முன்னால், கேட்டது குறைவு.

இன்று ஒரு மாற்றம் செய்தோம். அலைச் சத்தத்தில் இவர் கத்துவது பாதிதான் கேட்கிறது, கேட்ட பாதியும் கோபமாகக் கேட்கிறது. "நீங்க பேசாதீங்க. வளையப்போகும்போது மேல் கயித்த ஒரு சுண்டு சுண்டுங்க, எனக்குக் கையில தெரியும்" என்றேன். "தெரியுமா?" என்றார், நம்பாமல். தெரிந்தது. இத்தனை நீள வலையின் அந்தக் கோடியில் ஒருவர் விரலை அசைத்தால் இந்தக் கோடியில் உள்ளங்கை அறிகிறது. நின்றேன். கால் கரைக்குத் துடித்தது, இருந்தாலும் நின்றேன். அலை முழங்காலைத் தள்ளிவிட்டுப் போனது, காலடி மணல் கரைந்தது, நின்றேன். இவர் நெஞ்சுத் தண்ணீரிலிருந்து சுற்றிக்கொண்டு, மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்து சேர்ந்தார். ஓடி இழுத்தோம்.

வலை மடியில் ஒரு சட்டி நெத்திலி. வெயில் பட்டதும் எல்லாம் சேர்ந்து மின்னித் துள்ளின. உள்ளே கிடந்த மடவைக் குஞ்சுகளைப் பொறுக்கித் தண்ணீரில் விட்டார். "வளரட்டும். ஆத்துக்குள்ள போகத்தானே வந்துச்சு."

மத்தியானம் நெத்திலி அவியல் வைத்தேன், மாங்காய் போட்டு. இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது என்று எழுதலாம். மீன் கிடைத்தால் யாருக்கும் சந்தோஷம்தானே.


பிப்ரவரி 17, திங்கள்

மறுபடியும் ஏஜெண்ட் போன். இவர் கொல்லைக்குப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, "மாசக் கடைசில சொல்லுதேன்னு சொல்லிருக்கேன்" என்றார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். இவர் கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றார். வேறு ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. வேறு என்ன சொல்ல இருக்கிறது? தேங்காயைச் சிரட்டை வரை துருவிவிட்டேன், கசந்தது.


பிப்ரவரி 19, புதன்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காலையில் நல்ல மீன். வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு இவர் படுத்துத் தூங்கிவிட்டார். டியூஷன் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் நகல் எடுக்கத் தூத்துக்குடி போக வேண்டியிருந்தது. பையை எடுத்தேன், குடையை எடுத்தேன், ஜன்னல் சாத்தினேன், வாசல் கதவைப் பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன், சாவியைப் பர்ஸில் போட்டேன். பஸ் ஏறினேன். நகல் எடுத்தேன். அப்படியே நூல் கடை, மருந்துக் கடை, ஜூஸ் கடையில் ஒரு சாத்துக்குடி. நிம்மதியாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.

திரும்பித் தெருமுனைக்கு வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். ஓட்டமும் நடையுமாகப் போனேன். பக்கத்தில் போன பிறகுதான் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஜன்னல் கம்பிக்கு உள்ளே இவர் உட்கார்ந்திருந்தார். வெளியே சலேத் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். தொம்மை, "அண்ணே, என்ன குத்தத்துக்கு உள்ள தள்ளிருக்காவ? ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கொல்லைக் கதவைத் திறந்தாலும் சுற்றிலும் மதில், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது. தனியாக இருக்கிற பெண் என்று நான்தான் ஆள் வைத்துப் பதித்தேன்.

பூட்டைத் திறந்தேன். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா?" என்றேன், இவர் மேல் தப்பு மாதிரி.

"பண்ணா நீ பாதி வழியில எறங்கி ஓடியாருவ. வேல கெட்டுப் போவும்."

கூட்டத்தோடு சேர்ந்து இவரும் சிரித்தார். எல்லோரும் போன பிறகு சிரிக்கவில்லை. "பழக்கந்தானே ரெஜி" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழக்கம்தான். இத்தனை வருடமாக வெளியே போகும்போது வீட்டில் யாரும் இல்லை என்றுதான் பூட்டியிருக்கிறேன். வீட்டில் ஒரு ஆள் தூங்குவது எப்படி மறந்துபோகும் என்று யாரும் கேட்கலாம். கேட்கிறவர்களின் புருஷன்மார் தினமும் வீட்டுக்கு வருகிறவர்கள்.


பிப்ரவரி 20, வியாழன்

வலைக்குப் போகவில்லை. இவர் மழை வருமென்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.


பிப்ரவரி 21, வெள்ளி

சலேத் கருவேப்பிலை கேட்டு வந்தாள். கருவேப்பிலை அவள் வீட்டிலேயே மரமாக நிற்கிறது.

"எக்கா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீயளே?"

"நீ சொல்லு, பொறவு பாப்போம்."

"நேத்து அண்ணன் எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்தாவ. கப்பலுக்குப் போறதாத்தான் இருக்காவளாம். 'நான் இருந்தா அவளுக்கு இடைஞ்சல் தொம்மை, அவ பாட்டுக்கு ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த வீடு. கப்பல்ல எனக்குன்னு படுக்க ஒரு பங்க்காவது இருக்கு'ன்னாவ."

நான் இரண்டு கொத்துக் கருவேப்பிலை ஒடித்துக் கொடுத்தேன்.

"எக்கா, நீங்க போகச் சொன்னீயளா?"

"நான் ஒண்ணுமே சொல்லல."

"அதத்தான் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். படலைத் தாண்டியதும் திரும்பி, "நாளைக்கு வலைக்கு வாங்க. நீங்க இல்லாம ஒரே சப்புன்னு இருக்கு, கேலி பண்ண ஆளில்ல" என்றாள்.

இடைஞ்சல் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அது பொய்யும் இல்லை. நான் இஷ்டப்பட்ட நேரத்தில் சாப்பிடுவேன், சில நாள் சாப்பிடாமலே ஒரு நாவலை முடித்துவிட்டு எழுவேன். மத்தியானத்தில் வீட்டுக்கு ஓர் அமைதி உண்டு. அந்த அமைதியில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். புருஷன் கடலில் இருக்கிற பொம்பளை என்று ஊர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டபோதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கத்தோடு சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறேன். இப்போது வீட்டில் இவர் தும்மினால்கூடச் சுவர் அதிர்கிறது.

ஆனால் நேற்றும் இன்றும் வலைக்குப் போகாமல் காலை நேரம் நகரவே இல்லை. அதற்குக் காரணம், உடம்பு ஒரு வேலைக்குப் பழகிவிட்டது. அவ்வளவுதான்.


பிப்ரவரி 22, சனி

வலைக்குப் போனோம். நானே பாய்லர் சூட்டை மாட்டிக்கொண்டு வாளியோடு வாசலில் நின்றேன். இவர் கம்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சாயங்காலம் ஷெரின் போன் செய்தாள். பூட்டின கதை மதுரை வரை போய்விட்டது. சிரித்து முடித்துவிட்டு, "அம்மா, உண்மையச் சொல்லு. அப்பா இருக்கணுமா, போகணுமா?" என்று கேட்டாள்.

"அடுப்புல கூட்டு இருக்கு. அப்புறம் பேசுறேன்" என்றேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை.


பிப்ரவரி 25, செவ்வாய்

அமாவாசை நெருங்குகிறது, ஆற்றுவாயில் இழுப்பு அதிகம். இவர் காலையிலேயே தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நீ கரையோட ஒட்டியே நில்லு" என்றார். ஒட்டித்தான் நின்றேன். ஆனால் நேற்று ராத்திரி ஆறு திட்டின் ஓரத்தை அரித்திருக்கிறது. நேற்று முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இன்று ஒரு குழி. கயிறு சுண்டிற்று, நான் நிற்பதற்காக ஒரு கால் பின்னால் வைத்தேன், கீழே தரை இல்லை.

உட்கார்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்காருவதுபோல் அப்படியே உட்கார்ந்தேன். ஓர் அலை தலைக்கு மேலே போனது. கண்ணைத் திறந்தால் எல்லாம் பழுப்பு. எழுந்தபோது தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. பாய்லர் சூட்டுக்குள் காற்றும் தண்ணீரும் புகுந்து நான் ஓர் ஆரஞ்சுப் பலூன் மாதிரி நின்றேன். மூக்கு முழுக்க மணல். கையில் கம்பு இருந்தது. கரைக் கம்பை நான் விடவில்லை.

அப்போதுதான் பார்த்தேன், வலை என் பின்னால் ஒரு கொடித்துணிபோல் நீளமாக ஆற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மறு கோடியில் ஆள் இல்லை. இவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். வாய் "ரெஜினா" என்று கத்தியது, சத்தம் ஒரு நொடி கழித்துத்தான் கேட்டது. கல்யாணப் பதிவேட்டில் எழுதின பிறகு இவர் என் முழுப் பேரைச் சொன்னதே இல்லை.

"வலைய விட்டுட்டீங்களே!" என்று நான் கத்தினேன். "அவ்வளவு மீனு! எல்லாம் போச்சு!"

இவர் என் முழங்கைக்கு மேலே பிடித்தார். அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது, நீலமாகப் பதிந்திருக்கிறது. "நிக்கேன், நிக்கேன், இடுப்புத் தண்ணிதான்" என்று சொன்னேன். கேட்ட மாதிரியே இல்லை. ஈர மணல், காய்ந்த மணல் எல்லாம் தாண்டி, படகு கட்டுகிற கல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்த பிறகுதான் கையை எடுத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

தொம்மை ஓடிப்போய்க் கடல் கம்பை எட்டிப் பிடித்து வலையைக் கரை சேர்த்தான். மடியில் ஒரே ஒரு நண்டு.

சலேத் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இடுப்புத் தண்ணில முங்குன பொண்டாட்டிய வீரமா காப்பாத்துன மாப்பிள்ள எங்க ஊருலதான் இருக்காரு. பேப்பர்ல போடச் சொல்லட்டா?"

வழக்கமாக ஏதாவது திருப்பிச் சொல்வார். இன்று கல்லுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வல போனா வேற வாங்கிக்கிடலாம்" என்றார். நான் கத்தினதற்குப் பதில் அதுதான் என்று புரியக் கொஞ்சம் நேரமானது.

சலேத்தும் அதன் பிறகு கேலி செய்யவில்லை.


பிப்ரவரி 26, புதன்

மழை இல்லை, காற்று இல்லை, தண்ணீர் தெளிந்திருந்தது. இவர் முதலில் தனியாக இறங்கிக் காலால் தடவித் தடவித் தரையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு இழுத்தோம். காரல் நிறைய. சலேத் வீட்டுக்கு, எதிர் வீட்டுக்கு எல்லாம் கொடுத்தும் மிச்சம். மிச்சத்தை உப்புப் போட்டு மாடியில் காய வைத்தோம். நான் பரப்பப் பரப்ப இவர் காக்கை ஓட்டினார். ஓட்டினார் என்றால் உட்கார்ந்து காக்கையோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு காக்கைக்குத் தன் பழைய சீஃப் என்ஜினியரின் பேரை வைத்திருக்கிறார். அது வந்தால் மட்டும் ஒரு மீனை எறிகிறார். "இவனத் தாஜா பண்ணி வச்சாத்தான் நமக்கு லீவு கெடைக்கும்."

எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. முழங்கை வலியும் சேர்ந்துகொண்டது. அதை அவர் பார்த்தார். அடுக்களைக்குப் போய்த் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கே இருக்கிறதென்று கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்தார்.


பிப்ரவரி 27, வியாழன்

இவர் தன் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வெயிலில் காய வைத்திருக்கிறார். பூஞ்சை பிடித்திருக்கிறதாம். பெட்டி வாய் பிளந்து முற்றத்தில் கிடக்கிறது. நான் துணி காயப்போட அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது, மூன்று முறை. நான்காவது முறை காலால் ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

"நாளாண்டைக்குக் காலைல ஏஜெண்டுக்கிட்டப் பேசிருதேன்" என்றார் சாப்பிடும்போது. மாதம் நாளையோடு முடிகிறது, ஆனால் ஏஜெண்ட் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறானாம்.

"ம்" என்றேன்.

தட்டைக் கழுவப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். "வைங்க, நான் கழுவுதேன்." அவர் வெறுங்கையோடு நின்றார். விருந்தாளி கையிலிருந்தும் தட்டை வாங்குவார்கள், வீட்டுக்காரர் கையிலிருந்தும் வாங்குவார்கள். நான் எதற்காக வாங்கினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.


பிப்ரவரி 28, வெள்ளி

காலையில் வலை இழுக்கும்போது ஒன்று கவனித்தேன். அவர் கயிற்றைச் சுண்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது, இப்போது வளையப்போகிறார் என்று. தலையைத் திருப்பிப் பார்க்காமலே தெரிகிறது. போனில் இருபது வருடம் பேசியும் எனக்கு இந்த மனுஷரைப் பற்றி இப்படி ஒன்று தெரிந்ததில்லை.

கப்பலுக்குப் போகிறவர்களிடம் போகாதே என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் போகிறவர் மனசு கரையில் நின்றுவிடும், உடம்பு மட்டும்தான் கப்பலில் இருக்கும், அது ஆபத்து என்பார்கள். புதுப் பெண்ணாக வந்தபோது என் மாமியார் முதலில் சொல்லிக் கொடுத்தது அதுதான். பெட்டி வெளியே வந்த பிறகு அழக் கூடாது, தடுக்கக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் 'உங்க இஷ்டம்' என்று சொல்லி வந்தேன் என்று நினைத்திருந்தேன். நல்ல காரணம். பெரியவர்கள் சொன்ன காரணம்.

இன்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். முதல் சில வருடங்கள் அது உண்மையாக இருந்திருக்கலாம். அப்புறம் அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. போ என்றும் சொல்ல வேண்டாம், இரு என்றும் சொல்ல வேண்டாம். போனால் வீடு எனக்கு, இருந்தால் என் பொறுப்பில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் முடிவை முழுதாக அவர் தலையிலேயே வைத்துவிட்டு நான் தேங்காய் துருவப் போய்விட்டேன். அவரும் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, எனக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டார். அவர் கணக்கில் பிழை இல்லை. நான் கொடுத்த எண்கள் அவ்வளவுதான்.

டியூஷன் முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். அவர் கொல்லையில் வலையை உதறிக்கொண்டிருக்கிறார், ஈயக்குண்டுகள் தரையில் படும் சத்தம் கேட்கிறது. ஷெரின் மத்தியானம் போன் செய்தாள், அவளிடம்கூட என் முடிவை நான் சொல்லவில்லை. சலேத் வந்து கண்ணாலேயே கேட்டுவிட்டுப் போனாள், அவளிடமும் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் அவர்.

நாளைக் காலையில் அவர் போனைக் கையில் எடுப்பதற்கு முன் சொல்லப்போகிறேன். போக வேண்டாம், எனக்கு நீங்கள் இங்கே வேண்டும் என்று. கூடவே இதையும்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொம்மையோடு எங்கேயாவது போய்விட்டு இருட்டும் நேரத்துக்கு வாருங்கள், அந்த ஒரு பொழுது வீடு எனக்கு மட்டும் வேண்டும் என்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன். இரண்டாவதை முதலில் சொன்னால் அந்த மனுஷர், மீதியைக் கேட்காமலே, பம்பாய்க்குப் போன் போட்டுவிடுவார்.